போர் மூளும் வாய்ப்பை எப்படிக் கணிப்பது? இந்தியா–பாகிஸ்தானை முன்வைத்து ஐந்து முறைகளின் ஒப்பீடு

எல்லையில் பதற்றம் ஏறும்போது, ராணுவத்துக்கும் அரசுக்கும் வெளியிலும் பலர் முடிவெடுத்தாக வேண்டும். எல்லை மாவட்டத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் ஊழியர்களை எப்போது திரும்ப அழைப்பது, ஏற்றுமதியாளர் சரக்கை எந்த வழியில் அனுப்புவது, மருத்துவமனை ரத்த இருப்பை எவ்வளவு கூட்டுவது என்று கேள்விகள் வரிசையில் நிற்கும். "நிலைமை மிகவும் கவலையளிக்கிறது" என்ற வாக்கியத்தை வைத்து இவற்றில் எதையும் முடிவு செய்ய முடியாது. அடுத்த 30 நாளில் எத்தனை சதவீதம், 90 நாளில் எத்தனை சதவீதம் என்ற எண் வேண்டும்.

அந்த எண்ணைப் பெற இன்று ஐந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: கடந்தகால நிகழ்வுகளை எண்ணி எடுக்கும் அடிப்படை வீதம், ராணுவ அறிகுறிப் பட்டியல், கணினி மாதிரிகள், மனிதர்களின் மதிப்பீடு, சந்தை விலைகள். இரண்டு மூன்று பேர் மட்டுமே இருக்கிற, செயற்கைக்கோள் படம் வாங்கப் பணமில்லாத ஒரு சிறு அமைப்பு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே இங்கே பேச்சு. வெளிப்படையாகக் கிடைக்கும் தகவலை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறோம்.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

எந்த முறையை எடுத்தாலும் பாதித் தவறு கேள்வியிலேயே நடந்துவிடுகிறது. "போர்" என்பதற்கு ஆய்வுலகில் ஒரே அளவுகோல் இல்லை. 1963இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் தொடங்கிய 'கோரிலேட்ஸ் ஆஃப் வார்' திட்டம் போர்க்கள மரணங்கள் 1000ஐத் தொட்டால்தான் போர் என்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத் திட்டம் ஓராண்டில் 25 மரணங்களிலேயே ஆயுத மோதலாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2020 ஜூன் 15 கல்வான் மோதலில் இந்தியா அறிவித்த உயிரிழப்பு 20. சீனா ஒப்புக்கொண்டது 4. அதிகாரபூர்வ எண்களைக் கூட்டினால் 24, வரம்புக்கு ஒன்று குறைவு. நாற்பத்தைந்து ஆண்டுகளில் அந்த எல்லையில் நடந்த மிகப் பெரிய உயிரிழப்பு, அந்த வரம்பின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதே எந்த எண்ணிக்கையை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

ஆகவே கேள்வியில் நாள், இடம், செயல், சான்று ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இந்தியா–பாகிஸ்தானுக்கு நாம் பரிந்துரைப்பது இது: "இன்றிலிருந்து 90 நாளுக்குள் இரு நாடுகளில் ஒன்றின் படை, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டையோ சர்வதேச எல்லையையோ தாண்டி, தரைப்படை, விமானம், ஏவுகணை அல்லது டிரோன் கொண்டு திட்டமிட்ட தாக்குதல் நடத்தியதாக இரு அரசுகளில் ஒன்றாவது தலைநகரிலிருந்து அறிவிக்குமா?" ரோந்துப் படைகளின் மோதல், பதுங்கித் தாக்குதல், கோட்டின் இருபுறத்திலிருந்தும் நடக்கும் துப்பாக்கி, பீரங்கிச் சூடு ஆகியவற்றை வெளியே வையுங்கள். "தாக்கிய அரசே அறிவிக்க வேண்டும்" என்று எழுதிவிட்டால் 1999 கார்கில் விடுபட்டுவிடும். ஊடுருவியவர்கள் தன் படையினர் என்பதைப் பாகிஸ்தான் அப்போது மறுத்தது.

அடிப்படை வீதம்: மலிவானது, முதலில் செய்ய வேண்டியது

இரு நாடுகளும் 1998இல் அணுகுண்டுச் சோதனை நடத்தின. அதற்குப் பிந்தைய 1999–2025 என்ற 27 ஆண்டுகளை எடுத்தால், மேற்கண்ட கேள்விக்கு "ஆம்" என்று பதில் வருபவை நான்கு ஆண்டுகள்: 1999, 2016, 2019, 2025. 4ஐ 27ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம். எண்ணிக்கை சிறியதாக இருப்பதால் மேலே ஒன்றும் கீழே இரண்டும் கூட்டுவது நல்ல பழக்கம்: 5/29, அதாவது 17 சதவீதம். சீரான வேகத்தில் நடப்பதாகக் கொண்டு 15 சதவீதத்தைப் பிரித்தால் 90 நாளுக்கு 3.6, 30 நாளுக்கு 1.2 சதவீதம் வரும். அரை மணி நேர வேலை இது. அமைதியான மாதத்தில் இதைவிட மேலான எண்ணை வேறு எந்த முறையும் பெரிதாகத் தந்துவிடப் போவதில்லை.

சிக்கல், அமைதியற்ற மாதத்தில் வருகிறது. மோதல்கள் ஆண்டு முழுதும் சீராகத் தூவப்பட்டவை அல்ல. பெரிய பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிந்தைய வாரங்களில் அவை குவிகின்றன. அப்போது எண்ண வேண்டியது ஆண்டுகளை அல்ல, தாக்குதல்களை. 2001 டிசம்பர் நாடாளுமன்றம், 2002 மே காலுசக், 2006 ஜூலை மும்பை ரயில்கள், 2008 நவம்பர் மும்பை, 2016 ஜனவரி பதான்கோட், 2016 செப்டம்பர் உரி, 2016 நவம்பர் நக்ரோட்டா, 2019 பிப்ரவரி புல்வாமா, 2024 ஜூன் ரியாசி, 2025 ஏப்ரல் பஹல்காம். இந்தப் பத்தில் உரி, புல்வாமா, பஹல்காம் ஆகிய மூன்றுக்குப் பிறகு எல்லை தாண்டிய தாக்குதல் நடந்தது. ஆக 30 சதவீதம்.

"2016க்குப் பிறகு டெல்லியின் கொள்கை மாறிவிட்டதே, பழைய கணக்கு எதற்கு?" என்று கேட்பவர் சரியாகவே கேட்கிறார். உரியிலிருந்து எண்ணினால் ஐந்தில் மூன்று, 60 சதவீதம். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உரிக்குப் பதிலடி நடந்ததால்தான் அதைத் தொடக்கமாகக் கொண்டோம். விடையைப் பார்த்துவிட்டுத் தொடக்கப் புள்ளியை வைத்தால் வீதம் தானாக ஏறிவிடும். உரியை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணினால் நான்கில் இரண்டு. ஆகவே 30க்கும் 60க்கும் இடையில், 40–50 சதவீதத்தில் தொடங்குவது நியாயம். பட்டியலில் எந்தத் தாக்குதலைச் சேர்ப்பது என்பதும் ஒரு தீர்ப்புதான். சேர்த்ததற்கும் விட்டதற்கும் காரணத்தை எழுதி வைத்தால், அடுத்த நெருக்கடியில் பட்டியலை வசதிக்கேற்ப வளைக்கும் சபலம் குறையும்.

கால இடைவெளியும் தெரிந்திருக்க வேண்டும். உரிக்கு (செப்டம்பர் 18) 11 நாள், புல்வாமாவுக்கு (பிப்ரவரி 14) 12 நாள், பஹல்காமுக்கு (ஏப்ரல் 22) 15 நாள் கழித்துப் பதிலடி வந்தது. மூன்றே புள்ளிகள்தாம் என்றாலும் ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது: முதல் மூன்று வாரம் எதுவும் நடக்காவிட்டால் எண்ணைப் படிப்படியாக இறக்க வேண்டும். பலர் ஏற்றுவதில் காட்டும் வேகத்தை இறக்குவதில் காட்டுவதில்லை. இந்த விதியை வேறு எல்லைக்குக் கொண்டுபோகவும் கூடாது. தாய்லாந்து–கம்போடியா எல்லையில் 2025 மே 28 அன்று ஒரு கம்போடிய வீரர் கொல்லப்பட்டார். ஐந்து நாள் சண்டை தொடங்கியது ஜூலை 24, அதாவது 57 நாள் கழித்து.

அறிகுறிப் பட்டியல்: கடைசி வாரங்களுக்கான கருவி

அடிப்படை வீதம் எங்கே ஓய்கிறதோ அங்கே அறிகுறிகள் தொடங்குகின்றன. படைகள் எங்கே நகர்கின்றன, விடுப்புகள் ரத்தாயினவா, வான்வெளி மூடப்பட்டதா என்று பட்டியல் போட்டுக் குறிப்பது பழைய ராணுவ உளவு முறை. முறையாகச் செய்தால் பலன் மிகுதி. ஆனால் இதில்தான் மிகப் பெரிய சறுக்கல்களும் நடந்திருக்கின்றன.

ஒவ்வொரு அறிகுறியிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மிரட்டுவது மட்டுமே நோக்கம் என்றாலும் இதைச் செய்வார்களா? செய்வார்கள் என்றால் அந்த அறிகுறிக்கு எடை குறைவு. படைக் குவிப்பு அப்படிப்பட்டது. 2001 டிசம்பர் 18 அன்று இந்தியா தொடங்கிய 'ஆபரேஷன் பராக்ரம்' படைக் குவிப்பு பத்து மாதம் நீடித்தது. லட்சக்கணக்கான வீரர்கள் எல்லையில் நின்றார்கள், கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன, போர் வரவில்லை. 2021 வசந்தத்தில் ரஷ்யா உக்ரைன் எல்லையில் பெரும் படையைக் குவித்து, ஏப்ரல் 22 அன்று திரும்பிப் போகச் சொன்னது. ஆனால் கனரகத் தளவாடங்களில் ஒரு பகுதியை அங்கேயே விட்டுவிட்டுப் போனது. மிரட்டல் முடிந்ததென்றால் அவற்றை விட்டுவைக்க அவசியமில்லை. படை திரும்பிய செய்தியைவிட எடை கூடிய அறிகுறி அது.

மிரட்டலுக்கு உதவாத, செலவு பிடிக்கிற, யார் கண்ணிலும் படாமல் செய்யப்படுகிற காரியங்களே உயர்ந்த அறிகுறிகள். 2022 ஜனவரி இறுதியில், ரஷ்யா எல்லைக்கு ரத்தம் உள்ளிட்ட மருத்துவப் பொருட்களைக் கொண்டு சேர்ப்பதாகச் செய்தி வந்தது. ரத்தத்தை நீண்ட நாள் வைத்திருக்க முடியாது. ஒத்திகைக்கு அது தேவையுமில்லை. பெலாரசில் பிப்ரவரி 10 தொடங்கிய கூட்டு ஒத்திகை 20ஆம் தேதி முடிய வேண்டும். அன்றே அது நீட்டிக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துப் படையெடுப்பு. அறிவித்த தேதியில் முடியாத ஒத்திகையைப் பட்டியலில் மேலே வையுங்கள். அதைச் சரிபார்க்க செயற்கைக்கோள் தேவையில்லை, நாட்காட்டி போதும்.

1973 இதற்கு நேர்மாறான பாடம். அந்த ஆண்டு மே மாதம் எகிப்து தாக்கும் என்ற அச்சத்தில் இஸ்ரேல் உஷார் நிலைக்குப் போனது. உளவுத்துறைத் தலைவர் எலி ஜெய்ரா வாய்ப்பு குறைவு என்றார். அவர் சொன்னபடியே எதுவும் நடக்கவில்லை. அக்டோபரில் அவர் அதையே திரும்பச் சொன்னபோது மே மாத வெற்றி அவர் சொல்லுக்கு வலு சேர்த்தது. தொலைதூரம் பாயும் விமானங்களும் ஏவுகணைகளும் கிடைக்கும்வரை எகிப்து போருக்கு வராது என்ற கருத்து ஆழ வேரூன்றியிருந்ததால், சூயஸ் கால்வாய்க் கரையில் கண்ட ஆயத்தங்களெல்லாம் ஒத்திகையாகவே படிக்கப்பட்டன. அக்டோபர் 4, 5 தேதிகளில் சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் அவசரமாக வெளியேறின. மிரட்டலுக்காக எவரும் குடும்பங்களை நள்ளிரவில் விமானம் ஏற்றுவதில்லை. 6ஆம் தேதி போர் தொடங்கியது.

கணக்கு இப்படிப் போகும். தொடக்கம் 30 சதவீதம் என்று வையுங்கள். அதை விகிதமாக மாற்றினால் 3க்கு 7, அதாவது 0.43. வான்வெளி மூடல், தாக்கும் நோக்கம் இருக்கும்போது ஒன்றரை மடங்கு அதிகமாக நடக்கும் என்று மதிப்பிட்டால் 0.64. கள மருத்துவமனையும் ரத்தமும் மூன்று மடங்கு என்றால் 1.93. திரும்பச் சதவீதமாக்க 1.93ஐ 2.93ஆல் வகுங்கள்: 66. இந்த 1.5, 3 ஆகியவை எடுத்துக்காட்டுக்கான மதிப்பீடுகள்தாம். ஒவ்வோர் அமைப்பும் தன் எடைகளை நெருக்கடிக்கு முன்பே எழுதிப் பூட்டிவைக்க வேண்டும். பதற்றத்தின் நடுவே எழுதும் எடைகள், எழுதுபவரின் அச்சத்தை அளக்குமே தவிர அறிகுறியை அளக்காது.

தவறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நேர்கிறது. முதலாவது, ஒரே உத்தரவின் பல விளைவுகளைத் தனித்தனி அறிகுறிகளாகப் பெருக்குவது. வீரர்களின் விடுப்பும் ராணுவ மருத்துவர்களின் விடுப்பும் ஒரே ஆணையில் ரத்தாகும். இரண்டுக்கும் தனித்தனியே 1.5 போட்டால் மேலே வந்த 66, எந்தப் புதுத் தகவலும் இல்லாமலே 81 ஆகிவிடும். அறிகுறிகளைக் குழுவாகக் கட்டி, ஒரு குழுவிலிருந்து ஒரு பெருக்கல் மட்டும் செய்யுங்கள். இரண்டாவது, தேடியும் காணாததைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. பத்து நாளாகப் பார்த்தும் கள மருத்துவமனை தென்படவில்லை என்றால் அதுவும் தகவல், 0.6 போன்ற எண்ணால் பெருக்கி இறக்க வேண்டும்.

மோதலின் வடிவம் மாறினால் பட்டியலும் மாற வேண்டும். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பல பட்டியல்கள் இன்னும் டாங்கிகளையும் ரயில் வேகன்களையுமே எண்ணிக்கொண்டிருக்கின்றன. 2001–02இல் படைகளை எல்லைக்குக் கொண்டு சேர்க்கவே இந்தியாவுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் பிடித்தது. 2025 மே 7 அதிகாலைத் தாக்குதல் ஒன்பது இலக்குகளில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பெரும் படை நகர்வு தேவைப்படவில்லை. அப்போது வெளிப்படையாகத் தெரிந்தவை வேறு: ஏப்ரல் 23 அன்று சிந்து நதி ஒப்பந்தம் நிறுத்திவைப்பு, 24 அன்று இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி மூடல், 30 அன்று இந்தியாவின் பதில் மூடல், மே 5 அன்று 244 மாவட்டங்களில் சிவில் பாதுகாப்பு ஒத்திகைக்கு அறிவிப்பு. ஒத்திகைக்குக் குறித்த நாள் மே 7. விடிவதற்குள் தாக்குதல் முடிந்திருந்தது. ஒத்திகை நடக்கும்வரை பொறுத்திருந்து பார்க்கலாம் என்று நினைத்தவர்களுக்கு அவகாசமே கிடைக்கவில்லை.

கணினி மாதிரிகள்

சிறு அமைப்பு இதில் பணம் போட வேண்டாம் என்பது நம் கருத்து. உப்சாலாவும் ஆஸ்லோ அமைதி ஆய்வு நிறுவனமும் நடத்தும் 'வியூஸ்' அமைப்பு 36 மாதம்வரை மாதவாரியாக முன்கணிப்பு வெளியிடுகிறது, இலவசம். உள்நாட்டுப் போர் நடக்கும் நாடுகளில் வன்முறை தொடருமா, கூடுமா என்று பார்க்க மிகவும் பயனுள்ளது. ஆனால் அமைதியாக இருக்கும் இரு நாடுகளிடையே புதிதாகப் போர் தொடங்குவதைப் பிடிப்பது எந்த மாதிரிக்கும் கடினம். காரணம் எளிது: கற்றுக்கொள்ளப் போதிய உதாரணங்கள் இல்லை. 195 நாடுகளிலிருந்து 18,915 ஜோடிகள் வருகின்றன. ஓர் ஆண்டில் மூன்று ஜோடிகளிடையே போர் நடந்தால், "எங்கும் போர் வராது" என்று சொல்லும் மாதிரிகூட 99.98 சதவீதம் சரி. யாராவது 'துல்லியம் 99 சதவீதம்' என்று விற்க வந்தால், எச்சரித்தவற்றில் எத்தனை நடந்தது, நடந்தவற்றில் எத்தனைக்கு எச்சரித்தது என்ற இரண்டு எண்களை மட்டும் கேளுங்கள்.

செய்திகளை அள்ளி எண்ணும் தரவுகளில் 'ஜிடெல்ட்' 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரே செய்தி நூறு தளங்களில் வெளியானால் நூறு நிகழ்வு போலத் தோன்றும். போர்வெற்றி நாள், தாக்குதலின் நினைவு நாள் வந்தாலும் வரைபடம் துள்ளும். போக்கைப் பார்க்கலாம், எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது.

ஒரு நிபுணரா, பலரின் மதிப்பீடா?

1951இல் அமெரிக்க உளவுத்துறை தயாரித்த ஓர் அறிக்கை, யூகோஸ்லாவியா மீது அண்டை நாடுகள் படையெடுப்பதற்கு "கணிசமான வாய்ப்பு" இருப்பதாகச் சொன்னது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட் மனதில் வைத்திருந்தது 65 சதவீதம். கையெழுத்திட்ட சகாக்களைக் கேட்டபோது, அதே சொல்லை 20 சதவீதமாகப் புரிந்துகொண்டவரும் இருந்தார், 80 சதவீதமாகப் புரிந்துகொண்டவரும் இருந்தார். வேறுபட்ட கருத்துகளை ஒரு சொல் மூடிவிட்டது. நிபுணரிடம் பேசுங்கள், ராணுவத் தலைமைக்குள் யார் யாருக்கு எதிர், எந்த அறிக்கை வழக்கமானது, எது புதியது என்பதை அவர்தான் சொல்ல முடியும். ஆனால் சதவீதத்தை அவர் ஒருவரிடமிருந்து மட்டும் வாங்காதீர்கள். உளவியல் ஆய்வாளர் ஃபிலிப் டெட்லாக் 284 நிபுணர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து கண்டது, ஒரே பெரிய கோட்பாட்டை வைத்து எல்லாவற்றையும் விளக்குபவர்கள் மோசமாகக் கணித்தார்கள் என்பதே. பின்னர் 2011 முதல் அமெரிக்க உளவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய போட்டியில், பயிற்சி பெற்ற சாதாரணத் தன்னார்வலர்களின் மதிப்பீடுகளைத் திரட்டிய அவருடைய குழு வென்றது.

இதை எட்டு முதல் பன்னிரண்டு பேரை வைத்துச் செய்யலாம். முதலில் ஒவ்வொருவரும் பேசாமல், பெயரில்லாமல் எண் தர வேண்டும். பிறகு மிக உயர்ந்த எண்ணுக்கும் மிகத் தாழ்ந்த எண்ணுக்கும் காரணங்களை மட்டும் சுற்றுக்கு விட வேண்டும். இரண்டாம் சுற்றில் திருத்திய எண்களின் நடுமதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை) எடுக்க வேண்டும். சராசரி வேண்டாம், ஒருவர் 99 போட்டால் அது இழுத்துக்கொண்டு போய்விடும். தலைவர் முதலில் வாய் திறந்தால் மொத்த ஏற்பாடும் வீண். எல்லோரும் ஒரே தொலைக்காட்சியையும் ஒரே நாளிதழையும் பார்ப்பவர்களாக இருந்தாலும் பன்னிரண்டு பேர் ஒருவருக்குச் சமம்தான். இரண்டு பேராவது எல்லைக்கு அப்பாலுள்ள பத்திரிகைகளைத் தினமும் படிப்பவர்களாக இருக்கட்டும்.

சந்தை விலை

கப்பல் காப்பீடு ஓரளவு உதவும். லண்டன் கப்பல் காப்பீட்டாளர்களின் கூட்டுப் போர்க் குழு, கருங்கடலில் ரஷ்ய, உக்ரைன் கடற்பகுதிகளை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது 2022 பிப்ரவரி 15, படையெடுப்புக்கு ஒன்பது நாள் முன். பங்குச் சந்தை அப்படியல்ல: மாஸ்கோ குறியீடு படையெடுப்பு நாளிலேயே 33 சதவீதம் சரிந்தது. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் அதுவரை நம்பவில்லை. எனவே சந்தையைச் செலவு எவ்வளவு ஏறும் என்பதற்குப் பாருங்கள், வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முறையைத் தேர்வதற்கு முன் உங்கள் வரம்பை, அதாவது வாய்ப்பு எத்தனை சதவீதத்தைத் தாண்டினால் செயல்படுவது என்பதை, கணக்கிடுங்கள். முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவை, அதனால் தவிர்க்கப்படும் இழப்பால் வகுக்க வேண்டும். மாற்று வழியில் சரக்கு அனுப்ப 6 லட்சம் ரூபாய் கூடுதல் செலவு, மாட்டிக்கொண்டால் 60 லட்சம் இழப்பு என்றால் வரம்பு 10 சதவீதம். அமைதிக் காலத்து 3.6 சதவீதத்தில் எதுவும் செய்ய வேண்டாம். பெரிய தாக்குதல் நடந்த அன்றே 30ஐத் தாண்டிவிடுகிறது, உடனே மாற்று வழிக்குப் போங்கள். அது 30ஆ 60ஆ என்ற விவாதம் உங்களுக்குத் தேவையே இல்லை. இப்படித் தாழ்ந்த வரம்பு உள்ளவர்களுக்கு அடிப்படை வீதம் மட்டும் போதும், அறிகுறிப் பட்டியலுக்கு ஆள் போடுவது வீண் செலவு.

அலுவலகத்தையே மூடி ஊழியர்களை வெளியேற்றுவது போல, வரம்பு 50 சதவீதத்தின் பக்கத்தில் நிற்கிற முடிவுகளுக்குத்தான் அறிகுறிப் பட்டியலும் குழு மதிப்பீடும் சேர்ந்து வேண்டும். அடிப்படை வீதத்தில் தொடங்கி, அறிகுறிகளால் நகர்த்தி, குழுவின் நடுமதிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் 15 புள்ளிக்கு மேல் விலகினால் எங்கே பிரிகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் குழுவினர் கேள்வியின் வரையறையை மறந்து "போர் வருமா" என்ற பொதுக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். அமைதிக் காலத்தில் மாதம் ஒருமுறை, தாக்குதலுக்குப் பிந்தைய மூன்று வாரம் தினமும் புதுப்பித்தால் போதும். உயிர் சம்பந்தப்பட்ட முடிவில் இழப்பை ரூபாயில் மட்டும் எழுதக் கூடாது. அப்போது வரம்பு தானாகக் கீழே இறங்கும், பட்டியல் முழுமையாவதற்காகக் காத்திருக்கவும் வேண்டியிராது.

எண்களைத் தேதியோடு பதிவு செய்து பிரையர் மதிப்பெண்ணால், அதாவது சொன்ன எண்ணுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தால், அளக்கலாம். 70 சதவீதம் சொல்லி நடந்தால் 0.3இன் வர்க்கம் 0.09, நடக்காவிட்டால் 0.49, குறைந்தால் நல்லது. ஆனால் அரிய நிகழ்வில் இந்த அளவுகோல் சோம்பேறிக்குச் சாதகம்: 120 மாதத்தில் இரண்டு முறை நடக்கும் ஒன்றுக்கு எப்போதும் பூஜ்யம் சொன்னவரின் சராசரி வெறும் 0.017தான். அதனால் உங்கள் மதிப்பெண்ணை அடிப்படை வீதத்தையே திருப்பிச் சொல்லியிருந்தால் வந்திருக்கும் மதிப்பெண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஓர் எல்லையை மட்டும் வைத்து ஒரு முறையின் தரத்தை அளக்க ஆயுளே போதாது. ஆர்மீனியா–அஜர்பைஜான், தாய்லாந்து–கம்போடியா, இந்தியா–சீனா என்று ஏழெட்டு ஜோடிகளுக்கும் அதே வடிவக் கேள்வியை எழுதி, அதே நாளில் எண் போட்டுவந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்த அறிகுறிக்கு அளவுக்கு மீறி எடை கொடுக்கிறீர்கள் என்பது தெரிய ஆரம்பிக்கும்.